சாமான்களோடு ஒரு வாடகை வீடு

குன்னூரில் மாமனார் கட்டிய சின்ன வீட்டைக் கட்டில், மெத்தை, பீரோ, காஸ் அடுப்பு சகிதம் வாடகைக்கு விட்டு வருகிறோம். பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும், அதிகாரிகள் பயிலும் ஸ்டாஃப் கல்லூரியும் இருக்கின்றன. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வெளியே வீடு தேடும் பட்டாளத்துக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். நாலு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குபவர்களுக்குச் சாமானுள்ள வீடு பெரிய உபகாரம்.

முதலில் வந்தது ஒரு மேஜர் குடும்பம். பதினொரு மாத ஒப்பந்தம். ஆறாம் மாதமே எல்லைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. அங்கே குடும்பத்தை அழைத்துப் போக முடியாதாம். "ஆன்ட்டி, பத்து நாள்லே காலி பண்ணணும்" என்று அந்தப் பெண் வந்து நின்றாள்.

எனக்கோ கோபம். "ரெண்டு மாச நோட்டீஸ்னு எழுதியிருக்கே! அட்வான்ஸிலே பிடிச்சுப்பேன்" என்றேன். அவள் பதில் பேசவில்லை. "அவங்க என்ன, ஊர் சுத்தவா போறாங்க?" என்று என் வீட்டுக்காரர்தான் முணுமுணுத்தார்.

காலி செய்யும் அன்று அவள் ஒரு நோட்டை நீட்டினாள். கட்டில் முதல் கரண்டி வரை, முன்பே இருந்த கீறல் உட்பட, குடிவந்த அன்றே எழுதி வைத்திருக்கிறாள்! ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி 'டிக்' செய்தாள். உடைந்தது ஒரே ஒரு கண்ணாடி டம்ளர். அதற்கும் புதிது வாங்கி வைத்திருந்தாள். எங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் கம்பளிகளை வெயிலில் காயவைத்து, பாச்சை உருண்டை போட்டு மடித்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பவை:

* சாமான் பட்டியல் இரண்டு பிரதி. இரு தரப்பும் கையெழுத்து. பழுதுகளையும் மீட்டர் ரீடிங்கையும் மறக்காமல் குறிக்க வேண்டும்.

* மாற்றல் உத்தரவு வந்தால் 15 நாள் நோட்டீஸ் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்.

* தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் வாங்குகிறேன்.

* மாமியாரின் குங்குமச்சிமிழ் போல, போனால் திரும்பாத பொருளை அந்த வீட்டில் வைப்பதே இல்லை.

அந்த வீடு அதன்பின் அதிக நாள் பூட்டிக் கிடந்ததில்லை. அடுத்து வந்த குடித்தனத்தை அனுப்பியதே அந்தப் பெண்தான்!