திட்டு வாங்கினால் தொழில் வருமா?

ஆந்திர எல்லையோரம் நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் விசைத்தறி ஓடுகிற எந்தத் தெருவில் நின்று பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடும்: "நாங்க எல்லாம் திட்டு வாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டோம்." புத்தூரில் இதையே தெலுங்கில் சொல்வார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் திருத்தணி, பள்ளிப்பட்டு போனாலும் இதே பேச்சுதான். ஒர்க்‌ஷாப், ஓட்டல், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி வார்டு, அரசு அலுவலகம் எதுவும் விலக்கில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பழமொழியையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். புதிதாக வருகிற ஆளை முதல் வாரம் வாட்டி எடுத்தால்தான் பக்குவப்படுவான் என்று நம்மில் பெரும்பாலோர் மனதார நம்புகிறோம். தவறான நம்பிக்கை இது. கைக்கும் கண்ணுக்கும் ஆபத்தானதும்கூட.

தறிக்கு ஒரு புதுப் பையன் வருகிறான் என்று வையுங்கள். அவனுக்கு முதலில் கிடைப்பது டீ வாங்கி வரும் வேலை, கூட்டுகிற வேலை, தார் சுற்றுகிற வேலை. பிறகு ஒருநாள் ஆள் வரவில்லை என்று ஓடுகிற தறி முன்னால் நிறுத்திவிடுவார்கள். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பாவிழை அறுகிறது. தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி, முடிச்சுப் போட்டு, விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சில் இழுத்துவிட வேண்டும். யாரும் செய்து காட்டியதில்லை. அவனுக்கு அவசரம், பயம். நிறுத்த மறந்து கையை விடுகிறான். ஊடிழையோடு ஓடுகிற நாடா தடம் மாறிப் பறந்தால் எதிரே யார் முகம் இருக்கிறது என்று அது பார்க்காது. இதெல்லாம் நடந்த பிறகு, "பார்த்து வேலை செய்யத் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியாதுதான். அதனால்தானே அவன் புது ஆள்.

கனடாவில் டொராண்டோ நகரிலுள்ள வேலை, உடல்நல ஆய்வு நிறுவனம் காயக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தது. ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவரைவிட, முதல் மாதத்தில் இருப்பவர் வேலைக்கு வர முடியாத அளவுக்குக் காயப்படும் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் என்பது அது கண்ட முடிவு. பக்குவப்படுத்துகிறோம் என்று நாம் கைவிடுகிற அதே நாட்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது.

சட்டத்துக்கும் இது தெரியும். தொழிலாளிக்குத் தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது ஆலையை நடத்துபவரின் கடமை என்று, போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் செய்த திருத்தம் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிவைத்தது. ஆனால் மின்விசையில் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. நாலு தறி, ஆறு தறி ஓடுகிற கொட்டகை அந்த வரையறைக்குள் எங்கே வரப்போகிறது?

தைரியம் சொல்லி, மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தால் ஆள் சோம்பேறியாகிவிடுவான் என்பவர்களுக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அறுபதுகளில் செய்து பார்த்த சோதனையைச் சொல்கிறேன். நுண்ணோக்கி வழியாகப் பார்த்துச் சின்னஞ்சிறு மின்சுற்றுகளைப் பொருத்தும் வேலை, செய்தவர்கள் பெண்கள். புதியவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்று விசாரித்தபோது, பழைய ஆட்கள் கதை கட்டிப் பயமுறுத்துவதும், சூப்பர்வைசரிடம் வாய் திறக்கக் கூசுவதும்தான் காரணம் என்று தெரிந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் முதல் நாளை ஒதுக்கிப் பேசினார்கள். உங்களால் இந்த வேலை நிச்சயம் முடியும். மிரட்டல் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வந்தால் நீங்களே போய்க் கேளுங்கள். உங்கள் சூப்பர்வைசர் இப்படிப்பட்டவர். சொன்னது இவ்வளவுதான். பயிற்சிக் காலம் பாதியானது. வராமையும் தாமதமும் பாதியாயின. கழிவு ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. 1966-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் இது அச்சாகி வந்தது.

இது எங்கோ அமெரிக்காவோடு முடிகிற விஷயமில்லை. சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் எழுந்து, 2015-ல் ஃபாக்ஸ்கான் அங்கே கைபேசி பொருத்தத் தொடங்கியதிலிருந்து, சுற்றுவட்டார இளம்பெண்கள் இதே மாதிரியான வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் சம்பளம். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த பெண்ணிடம், எந்த ஆலையிலாக இருந்தாலும், முதல் நாள் யாராவது அவளுக்குப் புரிகிற மொழியில் பேச வேண்டும். சாப்பாட்டு நேரம், கழிப்பறை, உடம்பு முடியாவிட்டால் யாரிடம் சொல்வது என்பதுகூடத் தெரியாமல் நிற்கிறவளிடம் வேகத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

"நாங்க அப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்பதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் தாக்குப்பிடித்து நின்றவர்கள். பத்து நாளில் அழுதுகொண்டு ஊருக்குப் போனவன், விரல் போனவன் யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிற முதலாளி, வந்த ஆள் ஏன் நிற்கவில்லை என்று ஒருமுறை யோசித்தால் நல்லது.

புதிதாக வருபவரை இப்படி வாட்டுவதைக் கல்லூரியில் செய்தால் குற்றம். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே 1997-ல் ஆந்திரமும். இரண்டு மாநில எல்லையோரம் இருக்கிற நகரியில், காலேஜ் படிக்கிற பையனுக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு தறிக்குப் போன அவன் தம்பிக்கு இல்லை. அங்கே அதற்குப் பெயர் பயிற்சி.

பழைய ஆட்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஏகாம்பரகுப்பத்தில் ஓர் அம்மா தன் தறியை நிறுத்திவிட்டு, கழிவு நூலில் ஒரு பெண்ணுக்கு முடிச்சுப் போடக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் கட்டைவிரலைத் தன் விரலால் பிடித்து, நூலைச் சுற்றி, இழுத்து, "இப்ப நீ போடும்மா" என்றார். நழுவியது. மறுபடி போட வைத்தார். முடிச்சு நிற்கும்வரை அவர் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் தறியில் துணி வளரவில்லை. நெய்த அளவுக்குத்தான் கூலி. சொல்லிக்கொடுத்ததற்கு அவர் தன் காசைக் கொடுத்தார் என்றே அர்த்தம். எல்லோராலும் அப்படிக் கொடுக்க முடியாது. புது ஆள் வந்து நின்றாலே எரிச்சல் வருவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கூலிக் கணக்குதான். முதலாளி ஏற்க வேண்டிய பயிற்சிச் செலவு தொழிலாளி தலையில் விழுகிறது. அதை அவர் திட்டாகப் புதியவர் தலையில் இறக்குகிறார்.

ஆகவே அடுத்த கூலிப் பேச்சில் மீட்டருக்கு எவ்வளவு என்பதோடு இதையும் எழுதி வாங்க வேண்டும். புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாட்களில் அந்தப் பழைய ஆளுக்கு முழு நாள் கூலி. புது ஆளுக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம். தனியாக முடிச்சுப் போடவும் தறியை நிறுத்தவும் வரும்வரை அவரை ஓடுகிற தறியில் தனியே விடக் கூடாது.