'சாரதியின் தவறு' என்னும் விடை

சாரதியின் விருப்பமின்றி மோட்டார் வாகனமொன்று திடீரென வேகங்கொண்டு பாயும்போதெல்லாம், குற்றம் சாரதியினதா, பொறியினதா என்ற வினா எழுப்பப்படுகிறது. விடையும் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கிறது: தடுப்பென்றெண்ணி ஆர்முடுக்கியை மிதித்துவிட்டார். இவ்விடை பொய்யென நிறுவுவது எமது நோக்கமன்று. பல சந்தர்ப்பங்களில் அது மெய்யே. அவ்விடையுடன் விசாரணை முற்றுப்பெற்றதாகக் கருதும் மனப்பாங்கையே நாம் கண்டிக்கிறோம்.

1986 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சி, ஜேர்மன் தயாரிப்பான அவுடி 5000 வண்டி தானாகவே பாய்வதாக ஒரு காட்சியைக் காட்டியது. அதற்கென வண்டியின் கியர்ப்பெட்டி துளைக்கப்பட்டு, அமுக்கிய காற்று செலுத்தப்பட்டிருந்தது. பொறியே குற்றவாளி என்போர் இத்தகைய மோசடியினால் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொண்டனர். 1989இல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் மிதிமாற்றமே பிரதான காரணம் என முடிவுசெய்தது. கம்பனிகளுக்காக வாதாடுவோர் அறிக்கையை இவ்விடத்தில் மூடிவிடுகின்றனர். இயந்திரத்தின் மெதுவோட்டத்தைச் சீராக்கும் பகுதியின் கோளாறு வண்டியைத் திடீரென உந்திச் சாரதியைத் திடுக்குறச் செய்திருக்கலாம் என்பதும், மிதிகளின் அமைப்பு தவறுக்கு இடமளித்திருக்கலாம் என்பதும் அதே அறிக்கையிலேயே உள்ளன. பொறி தொடக்கியதைக் கால் தொடர்ந்தது எனின், தவறு யாருடையது?

மனித அசைவுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் சிமிற் 1989இல் காட்டியவாறு, கண்காணாத இடத்தில் இயங்கும் கால், மூளையின் கட்டளை சரியாயிருப்பினும் இலக்குத் தவறலாம். தடுப்பையே மிதிப்பதாக நம்புபவர், வேகம் கூடக்கூட மேலும் அழுத்துவார். அவரது வாக்குமூலம் பொய்யன்று. அவுடி நிறுவனமும் இறுதியில் சாரதிகளுக்கு உபதேசம் செய்ததோடு நிற்கவில்லை. தடுப்பை மிதித்தாலன்றி நிறுத்தநிலையிலிருந்து கியரை மாற்றவியலாத பூட்டொன்றை வண்டியிற் பொருத்தியது. அவ்வகைப் பூட்டு பின்னர் தானியங்கிக் கியர் வண்டிகளில் வழமையாயிற்று.

ரொயோட்டா விவகாரம் இன்னும் கசப்பானது. 2009 ஓகஸ்டில் சன் டியாகோ அருகே நால்வர் மாண்டனர். வண்டியைச் செலுத்தியவர் நெடுஞ்சாலைப் பொலிஸ் உத்தியோகத்தர். இரவலாகக் கிடைத்த அவ்வண்டியில் வேறொரு மாதிரிக்குரிய கால்விரிப்பு இடப்பட்டு ஆர்முடுக்கியைச் சிக்கவைத்திருந்தது. இலத்திரனியற் கோளாறு உண்டா என நாசா ஆராய்ந்து, அத்தகைய காரணம் எதனையும் காணவில்லையென 2011இல் அறிவித்தது. காணாமை இன்மைக்குச் சான்றாகாது என்பதையும் நாசா பொறியியலாளர் குறிப்பிட்டிருந்தனர்; அரச அறிவிப்பில் அந்த நிதானம் எஞ்சவில்லை. 2013இல் ஒக்லஹோமா யூரர் சபையொன்று, கணினி நிரலின் குறைபாடுகள் பற்றிய சாட்சியத்தைக் கேட்டபின் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல், கால்விரிப்பு, ஒட்டிக்கொள்ளும் மிதி ஆகியவை தொடர்பாகப் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டு, ரொயோட்டா 120 கோடி டொலர் செலுத்தியது.

பணம் செலுத்தியவர்கள் எவரும் சிறைசெல்லவில்லை. மினசோட்டாவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கம்றி வண்டியொன்றைச் செலுத்தியவரோ சென்றார். 2006இல் நேர்ந்த மோதலில் தாம் தடுப்பையே மிதித்ததாக அவர் இடையறாது கூறினார். எட்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2010இல் மறுவிசாரணைக்குக் கட்டளை பிறந்தபின்னரே விடுதலையானார். 2015இல் குடியியல் வழக்கின் யூரர்கள் பொறுப்பில் 60 வீதம் கம்பனியினுடையது, 40 வீதம் அவருடையது எனப் பகுத்தனர். அப்பகுப்பு சரியோ பிழையோ, குற்றவியல் நீதிமன்று முழுச்சுமையையும் ஒரு தலைமேல் ஏற்றியபோது இக்கேள்வி தீர ஆராயப்பட்டிருக்கவில்லை.

2019இல் தோக்கியோவின் இக்கெபுகுரோவில் தாயையும் மகளையும் கொன்ற விபத்தைச் சிலர் எதிருதாரணமாகக் காட்டுவர். 87 வயதுச் சாரதி வண்டியைக் குறைகூறினார். நீதிமன்று அதனை நிராகரித்து, 2021இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. சான்றுகள் அவ்வாறே இருந்தன. அத்தீர்ப்பில் எமக்கு வழக்கில்லை. ஆயினும் யப்பானிய அரசு அத்துடன் அமையவில்லை. 2028 செப்டெம்பர் முதல் புதிய தானியங்கிக் கியர்க் கார்களில் மிதிமாற்றத்தைக் கண்டு வேகத்தை அடக்கும் சாதனம் இருத்தல் வேண்டுமென விதித்துள்ளது. தவறு முற்றிலும் சாரதியினதே என்போர், பின் எதற்காகப் பொறி மாற்றப்படுகிறதென விளக்கட்டும்.