க்ரூஸ் போறீங்களா? டிப்ஸை கேன்சல் பண்ணாதீங்க, பட்ஜெட்ல போடுங்க

சிங்கப்பூர்ல இருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போயிட்டு வர்ற 4 நைட் க்ரூஸ். "ஒருவருக்கு 30,000 ரூபாயிலிருந்து" அப்படின்னு ஒரு விளம்பரம் உங்க போன்ல வருதுன்னு வைங்க. நீங்க ரெண்டு பேர், ஆக 60,000. ஃபிளைட் தனி, விசா தனி, போர்ட் டாக்ஸ் தனி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், எக்ஸெல்ல போட்டுடுவோம். ஆனா அந்த எக்ஸெல்ல பெரும்பாலும் விட்டுப்போற ஒரு வரி இருக்கு. பேரு கிராஜுவிட்டி. நம்ம ஆபீஸ்ல 5 வருஷம் வேலை பார்த்தா கிடைக்கிற கிராஜுவிட்டி இல்லைங்க. இது நீங்க கொடுக்க வேண்டியது. டிப்ஸ்.

ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன் மாதிரி பெரிய அமெரிக்க க்ரூஸ் நிறுவனங்கள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸை உங்கள் ரூம் கணக்கில் தானாகவே ஏற்றிவிடும். சாதாரண ரூமுக்கு சுமார் 16 முதல் 20 டாலர். சூட் எடுத்தால் இன்னும் சில டாலர் கூடும். இந்த ரேட் அவ்வப்போது ஏறும், இறங்கி நான் பார்த்ததில்லை. நடுவில் 18 டாலர்னு எடுத்துக்குவோம். 2 பேர், 4 நாள், மொத்தம் 144 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய்னு போட்டா 12,960 ரூபாய். கூட ஒரு குழந்தை இருந்தா 216 டாலர், அதாவது 19,440 ரூபாய். ஆமா, பல கப்பல்கள்ல குழந்தைக்கும் அதே ரேட்தான், அது பஃபேல ஐஸ்க்ரீம் மட்டும் சாப்பிட்டாலும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், டிக்கெட்டுக்கு ஆஃபர் வரும், டிப்ஸுக்கு வராது. சீசன் இல்லாத மாசத்துல அதே டிக்கெட் 20,000-க்கு இறங்கிச்சுன்னு வைங்க. ரெண்டு பேருக்கு 40,000. டிப்ஸ் அதே 12,960. டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு கிட்ட வந்துடுது. மலிவான டிக்கெட் எடுக்கிறவங்களுக்குத்தான் இந்த வரி அதிகமா வலிக்கும்.

அதனாலதான் ரீல்ஸ்ல ஒரு ஐடியா சுத்திட்டே இருக்கு. "கப்பல் ஏறின முதல் நாளே கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போங்க, டிப்ஸை ரிமூவ் பண்ணச் சொல்லுங்க, 13,000 மிச்சம்." பல நிறுவனங்களில் இது முடியும் என்பது உண்மை. சில இடத்துல காரணம் கேட்பாங்க, ஃபார்ம் கொடுப்பாங்க, அவ்வளவுதான். சில நிறுவனங்கள் மட்டும் டிப்ஸ்னு சொல்லாம சர்வீஸ் சார்ஜ்னு பேர் வெச்சு கட்டாயமாக்கிடும், அங்க எடுக்க முடியாது.

காசு மிச்சம் பண்றதைப் பத்தியே பேசுற நம்ம சேனல் இதுக்கு தம்ஸ் அப் போடும்னு நினைச்சிருப்பீங்க. போடல. இதைப் பண்ணாதீங்கன்னுதான் சொல்லப்போறேன்.

"ஹோட்டல்ல சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" சொன்னேன், இப்பவும் சொல்றேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் கொடுத்த வழிகாட்டுதல்படி, இந்தியாவில் ரெஸ்டாரன்ட்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது கடைக்காரர் உங்ககிட்ட விலையை ஏத்துற வழி, மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. சென்னையில சர்வ் பண்றவருக்கு நம்ம மாநில அரசு நிர்ணயிக்கிற குறைந்தபட்ச ஊதியமாவது இருக்கு. ஆனா கப்பல் வேற உலகம். அது கிளம்புறது சிங்கப்பூரா இருக்கலாம், கம்பெனி ஆபீஸ் மயாமில இருக்கலாம், பதிவு மட்டும் பஹாமாஸ்லயோ பனாமாலயோ இருக்கும். எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள்ள ஓடும். இப்படி ஏன் பதிவு பண்றாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்க ஆஃபர் லெட்டரை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. சிடிசி 8 லட்சம்னு போட்டிருக்கும். உள்ளே ஃபிக்ஸட் இவ்வளவு, வேரியபிள் இவ்வளவுன்னு பிரிச்சிருப்பாங்க. அந்த வேரியபிளை நம்பித்தான் நாம பைக் ஈஎம்ஐ போடுறோம், ஊருக்கு அனுப்புறோம். வருஷக் கடைசியில ஒரு கிளையன்ட் வந்து, "வேலை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எனக்கு பட்ஜெட் டைட்டு, அதனால உங்க டீமோட வேரியபிளை எடுத்துட்டேன்"னு சொன்னா எப்படி இருக்கும்?

கப்பல்ல உங்க ரூமை தினமும் சுத்தம் பண்றவருக்கும், டின்னர்ல வெஜ் எதுன்னு பார்த்து பார்த்து எடுத்து வைக்கிறவருக்கும் சம்பள அமைப்பு கிட்டத்தட்ட இதுதான். அவங்க வருமானத்துல டிப்ஸ் பெரிய பங்கு. ஃபிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியாவில் இருந்து நிறைய பேர் இந்த வேலைக்குப் போறாங்க. கேட்டரிங் படிச்ச நம்ம ஊர்ப் பசங்களும் உண்டு. ஒரு கான்ட்ராக்ட் ஆறு முதல் ஒன்பது மாசம் ஓடும், நடுவுல வீக்கெண்ட்னு ஒண்ணு கிடையாது. கடல் தொழிலாளர் பற்றிய 2006-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை அனுமதிக்கும் உச்ச வேலை நேரமே ஒரு நாளைக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி. சம்பளத்துக்கும் ஒரு அளவுகோல் சொல்றேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கீழ் 2025-க்கு முடிவான குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம், பயிற்சி பெற்ற டெக் மாலுமிக்கு, மாதம் 673 டாலர். நாம போட்ட 90 ரூபாய் கணக்குல சுமார் 60,000. ரூம் சுத்தம் பண்றவருக்கு இந்தத் தொகை அப்படியே பொருந்தாது. ஆனா அடிப்படைன்னா எந்த ரேஞ்ச்னு இதுல இருந்து புரிஞ்சுக்கலாம்.

"சரி, அந்தத் தொகையை எடுத்துட்டு, எனக்கு வேலை பார்த்தவர் கையில நேரா 20 டாலர் கொடுத்துடுறேனே?" நல்ல மனசோடதான் இதைக் கேக்குறாங்க. ஆனா தானாக ஏறுற டிப்ஸ் பல பேருக்குப் பிரியுற பணம். ரூம் ஆள், சர்வ் பண்றவர் மட்டும் இல்ல, நீங்க கண்ணால பார்க்காத லாண்டரி, பாத்திரம் கழுவுற இடம் வரைக்கும் போகலாம். நேர்ல கொடுத்தா சிரிச்சுப் பேசுறவருக்குக் கிடைக்கும், கீழ் டெக்ல டவல் துவைக்கிறவருக்குக் கிடைக்காது. சில நிறுவனங்களில், டிப்ஸை எடுத்துவிட்ட பயணி கையில் கொடுக்கும் பணத்தையும் ஊழியர் பொதுவில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

"அப்போ கம்பெனிதானே ஒழுங்கா சம்பளம் கொடுக்கணும்?" ஆமா, கொடுக்கணும். இதுல எனக்கு மறுபேச்சே இல்ல. பிரிட்டனில் பி அண்ட் ஓ க்ரூஸஸ் 2019-லேயே தனி டிப்ஸை எடுத்துவிட்டு டிக்கெட் விலைக்குள் கொண்டுவந்துவிட்டது. சீபோர்ன், சில்வர்சீ மாதிரி ஆடம்பரக் கப்பல்களிலும் டிப்ஸ் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிடும். அதாவது முடியாத காரியம் இல்ல. தனியா வெச்சா விளம்பரத்துல விலை கம்மியாத் தெரியும், அதான் விஷயம். அந்தக் கோபம் நியாயமானது. டிப்ஸ் சேர்த்த மொத்த விலையை வெச்சு கம்பேர் பண்ணி, பிடிக்கலைன்னா அந்தக் கம்பெனியில புக் பண்ணாம விடுங்க. பயணம் முடிஞ்சதும் காட்டமா மெயில் போடுங்க. ஏறினதுக்கு அப்புறம் கவுண்டர்ல போய் எடுத்தா, அந்தக் கோபத்துக்கு பில் கட்டுறது கம்பெனி இல்ல, உங்க ரூம் ஆள்.

சர்வீஸ் நிஜமாவே மோசம்னா? முதல்ல கெஸ்ட் சர்வீஸ்ல சொல்லுங்க, சரி பண்ண ஒரு நாள் டைம் கொடுங்க. அப்பவும் மாறலைன்னா குறைக்கச் சொல்றதுல தப்பில்ல.

எங்கே கொடுக்க வேண்டாம்

இங்கதான் நம்ம ஆளுங்க காசை விடுறாங்க. கப்பல்ல ஒரு மாக்டெயில், 14 டாலர்னு வைங்க. ராயல் கரீபியன் போல பல கப்பல்களில் பார் பில்லில் 18 சதவீதம் டிப்ஸ் முன்னாடியே சேர்ந்திருக்கும் (சில கப்பல்கள்ல 20). 14 டாலர் 16.52 ஆகிடுது. அதுக்குக் கீழே "அடிஷனல் டிப்"னு ஒரு காலி கோடு இருக்கும். ஏதோ எழுதணும் போலன்னு 2 டாலர் போட்டு கையெழுத்துப் போடுவோம். ரெண்டாவது தடவை டிப்ஸ் கொடுத்தாச்சு. அந்தக் கோட்டுல ஒரு குறுக்குக் கோடு போடுங்க, போதும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஸ்பா, தனிக் கட்டண ரெஸ்டாரன்ட், டிரிங்க் பேக்கேஜ் எல்லாத்துலயும் இதே கதைதான், பில்லை முழுசாப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

கடைசி நாள் கவர்ல வெச்சு எல்லாருக்கும் கொடுக்கணுமாங்கிற பதற்றமும் வேண்டாம். தானாக ஏறுறதை விட்டுவெச்சாலே உங்க கடமை முடிஞ்சது. யாராவது நிஜமாவே ஓடி ஓடிச் செஞ்சிருந்தா, குழந்தைக்கு ராத்திரி பால் கொண்டு வந்து கொடுத்திருந்தா, உங்க இஷ்டத்துக்கு 5 டாலர், 10 டாலர் கையில கொடுங்க. பக்கத்து ரூம் அங்கிள் 50 கொடுத்தார்ங்கிறதுக்காக நீங்க கொடுக்க வேண்டாம்.

பணத்தை எப்படிக் கட்டுறது

முடிஞ்சா டிப்ஸை கிளம்புறதுக்கு முன்னாடியே கட்டிடுங்க. பல நிறுவனங்களில் முன்கூட்டியே கட்டினால் அன்றைய ரேட், பிறகு ஏறினாலும் உங்களைப் பாதிக்காது. அதைவிட, கப்பல்ல இறங்குற நாள் காலையில பில்லைப் பார்த்து நெஞ்சு அடைக்காது. ட்ரிப்புக்கு ஆர்டி போட்டு வர்றீங்கன்னா, இந்தத் தொகையையும் சேர்த்து மாசத் தவணையை முடிவு பண்ணுங்க.

கப்பலுக்குள்ள கேஷ் ஓடாது. ரூம் கார்டைத் தட்டினா கணக்குல ஏறும், கடைசியில உங்க பேங்க் கார்டுல எடுத்துப்பாங்க. இதுக்கு டெபிட் கார்டு கொடுக்காதீங்க. செலவாகுறதுக்கு முன்னாடியே ஒரு தொகையை ஹோல்ட் பண்ணுவாங்க, அது ரிலீஸ் ஆக நாள் ஆகும், இங்க உங்க சம்பள அக்கவுன்ட்ல எஸ்ஐபி பவுன்ஸ் ஆகும். கிரெடிட் கார்டு கொடுங்க, ஃபாரெக்ஸ் மார்க்அப் எவ்வளவுன்னு பார்த்துட்டுக் கொடுங்க. சாதாரண கார்டுல 3.5 சதவீதம், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13. 300 டாலர் பில்லுக்கு, அதாவது 27,000 ரூபாய்க்கு, 1,115 ரூபாய் சும்மா போகும். மார்க்அப் இல்லாத கார்டு ஒண்ணு இருந்தா இதுக்குத்தான் உபயோகம். ரூபாய்லயே சார்ஜ் பண்ணட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

ரூம் கணக்கை தினமும் ராத்திரி ஆப்லயோ டிவிலயோ பாருங்க. தப்பா ஏறினதை மறுநாளே சொன்னா அஞ்சு நிமிஷ வேலை, கடைசி நாள் காலையில சொன்னா பெரிய க்யூ.

உள்நாட்டுக் கப்பல்னா, உதாரணத்துக்கு 2022-ல சென்னையில இருந்து ஓடின கார்டிலியா மாதிரி, ரூபாய்லயே கட்டுறதால ஃபாரெக்ஸ் தலைவலி இல்ல. ஆனா டிக்கெட் பிரேக்அப்ல கிராஜுவிட்டி, போர்ட் சார்ஜ், ஜிஎஸ்டி எதெல்லாம் சேர்ந்திருக்குன்னு அங்கயும் பார்த்துட்டுப் பணம் போடுங்க.

டிப்ஸைத் தாண்டி ரெண்டு விஷயம். கப்பல் கரையை விட்டதும் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாத்திடுங்க. நடுக்கடல்ல போன் சாட்டிலைட் வழியா ஓடுற கப்பல் நெட்வொர்க்கைத் தானாகப் பிடிக்கும், உங்க ரோமிங் பேக் அதுக்குச் செல்லாமல் போகலாம், பில் டிப்ஸைவிடப் பெருசா வரும். இன்னொண்ணு நேரம். புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. இறங்கி சிக்னல் கிடைச்சதும் உங்க போன் தாய்லாந்து நேரத்துக்கு மாறிடும், ஆனா கப்பல் தன் நேரப்படிதான் கிளம்பும். சாதாரண கைக்கடிகாரத்துல கப்பல் நேரத்தை வெச்சுக்குங்க. கப்பலை விட்டுட்டா அடுத்த ஊர் வரைக்கும் ஃபிளைட் டிக்கெட் உங்க செலவு.

பயணம் முடிஞ்சதும் பெரும்பாலும் ஒரு சர்வே மெயில் வரும். நம்ம அப்ரைசலுக்கு மேனேஜரோட ஒரு நல்ல மெயில் எப்படியோ, அவங்களுக்கு பயணி எழுதுற பாராட்டு அப்படி. அதுல உங்களுக்கு நல்லா செஞ்சவங்க பேரைப் போட்டு ரெண்டு வரி எழுதுங்க, காசே ஆகாது. வீட்டுக்கு வந்ததும் பேர் மறந்துடும். அதனால முதல் நாளே நேம் பேட்ஜைப் பார்த்து, பேரையும் ரூம் நம்பரையும் போன்ல நோட் பண்ணி வெச்சுக்குங்க.