சன்னத் வாங்கும் முன் ஒரு தொழில்



பிளஸ் டூ முடிவுகள் வந்து, சட்டக் கல்லூரி விண்ணப்பங்களை வீடு வீடாக நிரப்பிக்கொண்டிருக்கும் நேரம் இது. ஏற்கெனவே பிள்ளையைச் சட்டம் படிக்க அனுப்பிய வீடுகளில் கவலை வேறு மாதிரி. "லா படிக்கிறவன் வாயைத் திறந்தால் பிசினஸ் என்கிறான். இதற்கா ஐந்து வருஷம் ஃபீஸ் கட்டுகிறோம்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெற்றோருக்கு ஒரு சட்ட மாணவரின் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

அவர் பெயர் சாம் ஸெல். போலந்தில் தானிய வியாபாரம் செய்துவந்த யூதக் குடும்பம். 1939இல் ஜெர்மானியப் படை நுழையும் தறுவாயில் பெற்றோர் தப்பி, ஜப்பான் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த அதே 1941ஆம் ஆண்டில் சிகாகோவில் பிறந்தவர் ஸெல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, அங்கேயே சட்டமும் படித்து 1966இல் வெளியே வந்தார்.

தொழில் தொடங்கியது சட்ட வகுப்பில் சேர்வதற்கும் முன்பே. பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் ஒருவர் மாணவர்களுக்காக அடுக்குமாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஸெல் அவரிடம் போய், கட்டடத்தை நிர்வகித்துத் தருவதாகவும், கூலிக்குப் பதில் வாடகையில்லாமல் தங்க ஒரு வீடு போதும் என்றும் பேசி முடித்தார். கைமுதல் ஒரு காசும் இல்லை. குடிவருபவர்கள் தன் வயதுப் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அது ஒன்றுதான் முதல். ஒரு கட்டடம் பல கட்டடங்களாகி, கல்லூரித் தோழர் ராபர்ட் லூரியும் சேர்ந்துகொண்டார். சட்டப் பட்டம் கையில் வந்தபோது ஏறத்தாழ 4,000 வீடுகளை நிர்வகித்த அனுபவம் ஸெல்லுக்கு இருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவை சொந்தம்.

பிறகு சிகாகோவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வாரத்துக்குள் அலுத்துப்போய் வெளியேறிவிட்டார். படித்த சட்டம் வீணாயிற்றா? இல்லை. சொத்து வாங்குவதும் விற்பதும் அடிப்படையில் பத்திரம் படிக்கிற வேலை. எந்த நிபந்தனையில் ஆபத்து இருக்கிறது, தவறினால் யார் தலையில் விழும் என்று பார்க்கும் கண்ணைச் சட்டப் படிப்பு தந்திருந்தது. அவர் வளர்த்த அலுவலகக் கட்டட நிறுவனத்தை 2007இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 3,900 கோடி டாலருக்கு வாங்கியது. சறுக்கலும் உண்டு. அதே ஆண்டு 'சிகாகோ டிரிப்யூன்' குழுமத்தைப் பெருங்கடனில் வாங்கினார். மறு ஆண்டே அது திவாலானது. கட்டடம் விற்கத் தெரிந்தவருக்கு நாளிதழ் நடத்துவது கைவரவில்லை. பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு இதில் வியப்பேதும் இல்லை!

2023இல் ஸெல் மறைந்தார். அவர் படித்த சட்டப் பள்ளியில், அவர் கொடுத்த கொடையில் ஒரு திட்டம் நடக்கிறது. பல்கலைக்கழகத்தின் மற்ற மாணவர்கள் தொடங்கும் நிறுவனங்களுக்குச் சட்ட மாணவர்கள் அங்கே கட்டணமின்றிச் சட்ட உதவி செய்கிறார்கள்.

"அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் படித்த ஹ்ரிஷிகேஷ் தாத்தார் சென்னையில் தொடங்கியதுதான் 'வக்கீல்சர்ச்'. கம்பெனிப் பதிவும் டிரேட்மார்க்கும் எங்கே, எப்படி என்று தெரியாமல் அலையும் சிறு தொழில்காரர்களுக்கு அவற்றை இணையத்தில் முடித்துக் கொடுப்பதையே அவர் தொழிலாக்கினார்.

ஆனால் நம் நாட்டில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, அதைப் பல பெற்றோர் அறிவதில்லை. இந்திய பார் கவுன்சிலின் 47ஆவது விதிப்படி, வழக்கறிஞர் தாமே முன்நின்று வணிகம் நடத்தக் கூடாது. முதல் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும் பங்குதாரராகலாம், அதற்கும் நிபந்தனை உண்டு. கம்பெனியின் நிர்வாக இயக்குநராக முடியாது. அப்பாவின் கடை வாரிசாக வந்தால்கூட வைத்துக்கொள்ளலாமே தவிர, அதன் நிர்வாகத்தில் இறங்கக் கூடாது. தொழில்தான் வழி என்று முடிவெடுப்பவர் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

இந்த விதி கட்டுவது பார் கவுன்சிலில் பதிவு செய்து சன்னத் வாங்கிய வழக்கறிஞரைத்தான், மாணவரை அல்ல. அப்படியானால், எந்தப் பக்கம் போவது என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கல்லூரி ஆண்டுகளைவிட நல்ல காலம் கிடையாது. தோற்றால் போவது சிறு தொகை. படிப்பு கையில் இருக்கும்.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு சொல். நண்பனோடு சேர்ந்து தொழில் தொடங்குகிறீர்களா? முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபமும் நஷ்டமும் சரிபாதி. நீங்கள் 90 ஆயிரமும் அவர் 10 ஆயிரமும் போட்டிருந்தாலும் அதே கணக்குதான். வெளியாருக்குப் பட்ட கடனுக்கோ ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. ஸெல்லும் லூரியும் கல்லூரியில் சேர்ந்தவர்கள், 1990இல் லூரி இறக்கும்வரை பிரியாத கூட்டாளிகளாக இருந்தார்கள். அப்படி ஒரு நட்பு வாய்த்தாலும் பத்திரம் பத்திரமாகவே இருக்கட்டும்.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: பிள்ளை பிசினஸ் பேசினால் தடுக்காதீர்கள். கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்து பாருங்கள். கறுப்புக் கோட்டா கடையா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். சன்னத் வாங்கும் முன்பே தீர்மானிக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்