விட்டுக்கொடுத்து ஆடும் ஆட்டம்

கோல்ப் பணக்காரர்களின் ஆட்டம் என்பது ஊரறிந்த விஷயம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பெரும்பாலோர் கோல்ப் மைதானத்தை மதில் சுவருக்கு வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள். "அது நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

அந்த ஆட்டத்தில் இரண்டு நல்ல குணங்கள் இருக்கின்றன. அவற்றைக் காசு கொடுக்காமலே நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய குறை ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோலிக்குண்டின் அண்ணன்

கோலி ஆடத் தெரிந்தவர்களுக்குக் கோல்ப் புரியாமல் போகாது. கோலியில் குண்டைக் குழியில் தள்ளுகிறோம். கோல்பிலும் அதே கதைதான். பந்து சிறியது, எலுமிச்சம்பழம் அளவு. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். ஆனால் குழி இருப்பதோ நூற்றுக்கணக்கான கெஜத்துக்கு அப்பால்! நீண்ட கோலால் பந்தை அடித்து, அதன் பின்னாலேயே நடந்து போய், மறுபடி அடித்து, கடைசியில் குழியில் விழச் செய்ய வேண்டும். இப்படி 18 குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். ஆறு, ஏழு கிலோ மீட்டர் நடையும் ஆகிவிடும்.

ஸ்காட்லாந்தில் வளர்ந்த இந்த ஆட்டம் வெள்ளைக்காரர்களோடு கப்பலேறி வந்தது. 1829-ம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கோல்ப் கிளப் ஏற்பட்டுவிட்டது. சென்னையில் 1884-ல் தோன்றிய ஜிம்கானா கிளப், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் கோல்ப் மைதானம் அமைத்தது. 1873-ல் தோன்றிய காஸ்மாபாலிடன் கிளப்புக்கு நந்தனத்தில், அண்ணா சாலையை ஒட்டி மைதானம் இருக்கிறது. ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினராக இருந்த கிளப்புகள் அந்த நாளில் உண்டு. எல்லா இனத்தாரும் சேர்ந்து பழக வேண்டும் என்ற நோக்கம் காஸ்மாபாலிடன் என்ற பெயரிலேயே இருக்கிறது.

ஒப்புக்குச் சப்பாணி அல்ல!

முதல் நல்ல குணத்துக்கு வருவோம்.

நாலு சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் டாக்டர். ஒருவர் ஆடிட்டர். ஒருவர் ஓய்வு பெற்ற தாத்தா. இன்னொருவர் கல்லூரி மாணவர். தோற்றவர் மற்றவர்களுக்கு இட்லியும் காப்பியும் வாங்கித் தர வேண்டும். பந்தயம் அவ்வளவுதான்.

மாணவர் பலசாலி. தாத்தாவுக்கு முட்டி வலி. இருவரும் ஒரே ஆட்டத்தில் எப்படி மோத முடியும்? கிரிக்கெட்டிலோ டென்னிஸிலோ முடியாது. கோல்பில் முடியும்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவர் முன்பு ஆடிய கணக்கைப் பார்த்து ஓர் எண் கொடுக்கிறார்கள். அதற்கு 'ஹாண்டிகேப்' என்று பெயர். கைதேர்ந்தவருக்கு எண் குறைவு. சுமாராக ஆடுகிறவருக்கு எண் அதிகம். ஆட்டம் முடிந்ததும் மொத்த அடிகளில் அந்த எண்ணைக் கழித்துவிடுவார்கள்.

மாணவரின் எண் 6. தாத்தாவின் எண் 20. மாணவர் 80 அடிகளில் முடிக்கிறார். 6 போனால் 74. தாத்தா 93 அடிகளில் முடிக்கிறார். 20 போனால் 73. ஆகவே வெற்றி தாத்தாவுக்கு! மாணவர் காப்பி வாங்கித் தர வேண்டியதுதான்.

நம் தெருவில் சின்னப் பிள்ளை ஆட்டத்துக்கு வந்து அழுதால் என்ன செய்வோம்? "நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். அந்தக் குழந்தை அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. கோல்பில் அப்படி அல்ல. பலவீனமானவருக்கும் உண்மையான இடம் உண்டு. அவர் நேற்றைய தன்னைவிட இன்று நன்றாக ஆடினால் வெற்றி அவருடையது. பலசாலி விட்டுக்கொடுக்கிறார். அதைத் தர்மம் என்று அவர் நினைப்பதில்லை. ஆட்டத்தின் சட்டமே அதுதான்.

வீட்டிலும் பள்ளியிலும் இந்த முறை எவ்வளவு நல்லது! அண்ணனின் மார்க்கைக் காட்டித் தம்பியைத் திட்டுகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நடுவர் இல்லாத பந்தயம்

இரண்டாவது குணம் நேர்மை. சிநேகிதர்கள் ஆடும் கோல்பில் விசில் ஊதும் நடுவர் கிடையாது. புதருக்குள் விழுந்த பந்தைக் காலால் தள்ளினாலும் யாருக்கும் தெரியாது. தப்பு நடந்தால் ஆட்டக்காரரே அதைச் சொல்லி ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

1925-ம் ஆண்டு அமெரிக்க ஓபன் பந்தயத்தில் பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர் ஆடினார். பணம் வாங்காமல் ஆடியவர் அவர். அடிக்கத் தயாரானபோது பந்து இம்மி அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே அதைச் சொல்லி, தமக்கு ஓர் அடி தண்டனை போட்டுக்கொண்டார். முடிவில் அவரும் இன்னொருவரும் சமம் ஆனார்கள். மறுபடி நடந்த போட்டியில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியை மறைத்திருந்தால் முன்பே கோப்பை அவர் கையில் இருந்திருக்கும்.

அந்த ஆண்டு கோப்பையை வென்றவர் வில்லி மெக்பார்லேன். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தோற்ற ஜோன்ஸை உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

பை சுமப்பவர்

இனி குறையைப் பார்ப்போம். ஆட்டக்காரருடன் இன்னொருவரும் அந்த ஏழு கிலோ மீட்டரும் நடக்கிறார். அவர் தோளில் கனத்த பை. அதற்குள் 14 கோல்கள் வரை இருக்கும். அவருக்குக் 'கேடி' என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன் கேடி அல்ல! பை சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது.

காற்று எந்தப் பக்கம், தரை எங்கே சரிகிறது, எந்தக் கோலை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்திய ஓபன் கோப்பையை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் அதே கோப்பையை வென்றார். பை சுமந்த கைக்குக் கோலைக் கொடுத்துப் பார்த்தார்கள், கோப்பை வந்தது!

எத்தனை கேடிகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கிறது? ஆட்டம் இருந்தால் கூலி. மழை பெய்தால் பட்டினி என்பது நியாயமா? சில கிளப்புகள் கேடிகளுக்கு நல நிதி வைத்திருக்கின்றன. அவர்கள் ஆடவும் நாள் ஒதுக்குகின்றன. அதை மனமாரப் பாராட்டுவோம். எல்லாக் கிளப்புகளும் அப்படிச் செய்ய வேண்டும். தம் சிநேகிதருக்கு 14 அடிகளை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பவர், தம் பையைச் சுமப்பவருக்கு நிலையான சம்பளமும் அவர் பிள்ளைக்குப் படிப்பும் கிடைக்க வழி செய்யக் கூடாதா?

மதிலுக்கு இந்தப் புறம்

நிலத்தின் கதையும் இருக்கிறது. கிண்டி பந்தய மைதானத்தின் சுமார் 160 ஏக்கர் நிலம், 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துச் செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே பூங்கா அமைக்கப்போவதாக அறிவித்தது. விவகாரம் கோர்ட்டு ஏறியது. நியாயத்தைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். 2015 வெள்ளத்தைப் பார்த்த இந்த ஊரில், மழைநீரைக் குடிக்கும் திறந்த மண் எவ்வளவு அருமையானது என்பதை மட்டும் நாம் மறக்க வேண்டாம். யார் கையில் இருந்தாலும் அந்த மண் கட்டடம் ஆகிவிடக் கூடாது.

கோல்பின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பழைய மைதானம் பொதுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக அங்கே ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் குழந்தை குட்டிகளோடு உலாவுகிறார்கள். அதனால் புல்லும் கெடவில்லை, புகழும் குறையவில்லை.

நம் ஊர்க் கிளப்புகளும் வாரத்தில் ஒரு வேளை, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கலாமே! நாலு பழைய கோல்களும் ஒரு கூடைப் பந்தும் போதும். பலசாலி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதானே அந்த ஆட்டத்தின் சட்டம்? அந்தச் சட்டம் மதிலுக்கு வெளியேயும் செல்லட்டும்.