ஓடையை அளந்தால் போதுமா? ஊரையும் அளக்க வேண்டும்

ஓர் ஓடை குடிநீருக்கு ஆகுமா என்று பார்க்க வரும் பொறியாளர் மூன்று கேள்விகள் கேட்பார். எவ்வளவு ஓடுகிறது? எப்படிப்பட்ட தண்ணீர்? எவ்வளவு தூரம்?

மூன்றும் நியாயமான கேள்விகள். அகலம், ஆழம் பார்த்து, பத்து மீட்டர் தூரத்தை ஒரு மிதவை எத்தனை நொடியில் கடக்கிறது என்று குறித்தால், ஓட்டம் தோராயமாகத் தெரிந்துவிடும். தூத்துக்குடியில் இதைச் சித்திரையில் செய்ய வேண்டும். கார்த்திகையில் கரைபுரளும் ஓடை அப்போது வெறும் மணல். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

நான்காவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அந்தத் தண்ணீர் யார் தெருவுக்கு முதலில் போகும்? யார் தெருவுக்கு வராமலே நின்றுபோகும்?

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் தண்ணீர் குடித்தார்கள். உடனே சாதி இந்துக்கள் மாட்டுச் சாணத்தையும் மூத்திரத்தையும் ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆய்வுக்கூடத்தின் சுத்தம் வேறு, சாதியின் சுத்தம் வேறு. 1995இல் நம் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியபோது, குடிநீர்க் கிணற்றிலும் நஞ்சைக் கலந்தார்கள் என்று மக்கள் சாட்சி சொன்னார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. எந்தத் தரச் சான்றிதழும் அந்தத் தொட்டியைக் காக்கவில்லை.

'தண்ணீர் இல்லாத மாவட்டம்' என்ற பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிற்சாலைகளுக்காகத் தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் எடுக்கத் திட்டம் போட்டார்கள். அது சுமார் 9 கோடி லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் கணக்கில் 16 லட்சம் பேருக்குக் காணும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 17.5 லட்சம்தான். ஆலைக்கு ஆற்றையே திருப்பத் தெரிந்த அரசுக்கு, காலனிக்கு ஒரு குழாய் நீட்ட மட்டும் ஓடையை ஆராய வேண்டியிருக்கிறது! அந்த ஓடையாவது மிஞ்சியதா? உப்பாற்று ஓடையோரம் ஸ்டெர்லைட்டின் தாமிரக் கசடு குவிந்து கிடந்ததை இந்த ஊரே பார்த்தது.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் முழுமையாகச் செய்யுங்கள் என்கிறோம். குடம் சுமக்கும் பெண்கள், முக்கியமாகக் காலனிப் பெண்கள், ஆய்வுக் குழுவில் இருக்க வேண்டும். தொட்டி எங்கே, வால்வு யார் கையில், கடைசிக் குழாய் எந்தத் தெருவில் என்ற வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். மேல்மடையில் எந்த ஆலை எவ்வளவு எடுக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். தண்ணீரை ஊற்றில் மட்டும் அளந்தால் போதாது. கோடைக்காலத்தில், கடைசித் தெருவின் கடைசிக் குழாயடியில் அளக்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊரில் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது? இன்று போய்த் திறந்து பாருங்கள்.