இரண்டாம் தொடக்கத்துக்கு யார் துணை?

தாராவி தொண்ணூறடிச் சாலையருகே வளர்ந்த தோழி ஒருவர், ஆறாண்டுச் செவிலியர் பணியை விட்டு மருத்துவத் தரவு மென்பொருள் கற்கத் தொடங்கினார். "படித்ததெல்லாம் வீண்" என்றனர் உறவினர். மொழியியல் பயின்ற எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

நோயாளி 'மயக்கம்' என்கிறார். தலைசுற்றலா, நினைவு தப்பியதா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாட்டில் முன்னது ஆர்42, பின்னது ஆர்55. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். எதைக் கேட்டால் பொருள் தெளியும் என்பதை நோயாளியின் படுக்கையருகே நின்றவரே அறிவார். அவர் புதிய துறைக்கு வெறுங்கையோடு செல்லவில்லை.

அவருக்குத் தடையாயிருந்தவை ஊதியமற்ற எட்டு மாதங்களே. செம்பூர்த் தோழியர் சீட்டை முதலில் எடுக்க அவருக்கு விட்டுக்கொடுத்தனர். ஒருவர் பழைய மடிக்கணினியைத் தந்தார். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

எல்லோருக்கும் இத்தகைய தோழியர் வாய்ப்பதில்லை. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் கல்விக்காக 1932இல் மாட்டுங்காவில் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தோன்றியது. முதல் படிப்புக்குத் துணைநிற்க நாம் அன்றே கற்றுவிட்டோம். முப்பது வயதில் மீண்டும் படிக்க அமரும் பெண்ணுக்கும் நம் சங்கங்கள் ஒரு நிதி ஒதுக்கட்டும். வாழ்த்துரையைவிட எட்டு மாத வாடகை அவருக்குப் பயன்படும்.